வாசலுக்கு உள்ளே நடக்கும் அநீதி

"நாங்க ஷெல்லடிக்கு நடுவில படிச்ச ஆக்கள், தம்பி. இந்தப் புள்ளயளுக்கு இப்ப என்ன மன அழுத்தம் கிடக்கு?"

சில வாரங்களுக்கு முன்னர் கல்லடியில் நடைபெற்ற ஒரு நினைவுக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையசைத்தார்கள். என் தலையும் சிறிது அசைந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வீடு திரும்பிய பின்னரே அந்த வாக்கியம் எத்தனை பெரிய அநியாயத்துக்குக் காவல் நிற்கிறது என்பது உறைத்தது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் அதிபரின் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது சிறிய உண்மையன்று. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த நிறுவனம், பிறந்த நாள் முதலே போரின் மடியில் வளர்ந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, உயிருக்கு அஞ்சி அந்த வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களிடையே இருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்களுள் எவரும் திரும்பவில்லை. 2006 செப்டெம்பரில் கலை கலாசார பீடாதிபதி கடத்தப்பட்டார். உபவேந்தர் பதவி விலகினால்தான் அவரை விடுவோம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி, உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பின் உயர் பாதுகாப்பு வலயத்தில், ஆய்வு மாநாடொன்றுக்குச் சென்ற இடத்தில், பட்டப்பகலில் காணாமற் போனார். அவருக்கு என்ன நேர்ந்தது என்று அவருடைய குடும்பத்துக்கு இன்றுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து விரிவுரை கேட்டவர்களும் விரிவுரை நடத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தத் துன்பத்தைப் பட்டவர்கள் அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் எது? "எங்களுக்கு நேர்ந்தது இனி எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடாது" என்பதா, "எங்களுக்கு நேர்ந்ததைவிடக் குறைவான எதையும் துன்பம் என்று சொல்லக்கூடாது" என்பதா? இரண்டாவது பாடத்தைத்தான் நாம் கற்றிருக்கிறோம் போலும். பதில் கிடைக்காமற் போவது எத்தகைய கொடுமை என்பதை இந்த வாவிக்கரை மக்களைவிட நன்றாக அறிந்தவர் உலகில் அதிகம் இருக்க முடியாது. அந்த மக்களின் பிள்ளைகளுக்கே பதில் சொல்லாத நிறுவனங்களை நாம் சகித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

2014ஆம் ஆண்டு, நான் பத்திரிகையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். படுவான்கரைப் பிள்ளை. எழுவான்கரைக்கு வர ஓடப் பாதையில் வாவியைக் கடந்து, பின்னர் பேருந்து பிடிக்க வேண்டும். அவர் நாட்டின் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இறுதியாண்டில் இருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கதை எதற்கும் பொருந்தும்.

அந்த ஆண்டு அவருடைய தந்தை இறந்துவிட்டார். மூத்த பிள்ளை அவர். தாயையும் இரண்டு தம்பிமாரையும் விட்டுவிட்டு உடனே திரும்ப முடியவில்லை. முப்பத்தோராம் நாட் கிரியை முடித்துத்தான் விடுதிக்குத் திரும்பினார். வந்து பார்த்தால், ஒரு பாடத்தில் வரவு எண்பது வீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பரீட்சை எழுத அனுமதியில்லை. அடுத்த ஆண்டு கனிஷ்ட மாணவர்களோடு இருந்து எழுதலாம். ஆனால் மீளத் தோற்றுபவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு மேல் இல்லை. அதுவரை வகுப்புச் சித்தி நிச்சயம் என்றிருந்த பிள்ளைக்கு அந்த ஒரு தரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. நோயாளிக்கு மருத்துவச் சான்றிதழ் உண்டு. தகப்பனை இழந்தவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

அவர் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பீடாதிபதிக்கு ஒன்று எழுதினார். பதிவாளருக்கு ஒன்று எழுதினார். மூன்றுக்கும் பதிலில்லை. "மாணவர் ஆலோசகரைப் போய்ப் பார்" என்றார்கள். போனார். அங்கே அமர்ந்திருந்தவர், வரவுப் பட்டியலில் கையெழுத்திட்ட அதே விரிவுரையாளர்.

அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது முடிவை மாற்றித் தரும்படியன்று. "சேர், மாட்டோம் எண்டாவது ஒரு கடிதம் தரச் சொல்லுங்க. ஏன் எண்டு தெரிஞ்சாப் போதும்" என்றார். நான் அவருடைய கடிதங்களின் பிரதிகளை வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. அந்த வாரம் வேறு பெரிய செய்திகள் இருந்தன. அதற்கடுத்த வாரமும் இருந்தன. சாவும் காணாமற் போனதும் மட்டுமே செய்தி என்று பழகிப்போன கண்ணுக்கு, பதில் வராத மூன்று கடிதங்கள் செய்தியாகத் தெரியவில்லை. அதிபரின் வாக்கியத்துக்கு என் தலை ஏன் அசைந்தது என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது எங்கு பார்த்தாலும் மாணவர் மன அழுத்தத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடக்கிறது. மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். வளவாளர் ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார். "நேர்மறையாகச் சிந்தியுங்கள்" என்கிறார். குழு நிழற்படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் அந்தப் படுவான்கரைப் பிள்ளை எத்தனை முறை மூச்சை இழுத்து விட்டால் பதிவாளரிடமிருந்து பதில் வரும்?

மன அழுத்தம் என்பதை மாணவரின் மனத்துக்குள் இருக்கும் ஒரு பழுதாகவே பார்க்கிறோம். அதன் ஊற்றுக்கண் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. மகாபொல உதவித்தொகை பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாவில் நின்றது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரிசியும் எரிபொருளும் எட்டாத உயரத்துக்குப் போனபோதும் அங்கேயே நின்றது. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 7,500 ரூபாவானது. 2020இல் கொவிட், 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும், 2024இல் கல்விசாரா ஊழியரின் இரண்டு மாதம் நீண்ட வேலைநிறுத்தம் என்று ஒரே தலைமுறையின் கல்வியாண்டுகள் சிதைந்தன. பட்டம் பெற்ற பின் என்ன காத்திருக்கிறது என்பதையும் அவர்கள் அறிவார்கள். 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் அமர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்கள். இவற்றையெல்லாம் பல்கலைக்கழகம் ஒன்று தனியாகத் தீர்த்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு செலவழிக்காமலே தீர்க்கக்கூடிய ஒன்று உண்டு. மாணவரை நியாயமாக நடத்துவது. நான் கேட்பது அதைத்தான்.

நம்முடைய பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர் என்பவர் யார்? பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். காலையில் பாடம் நடத்துகிறார், மாலையில் விடைத்தாள் திருத்துகிறார், இடையில் ஆலோசகராகவும் இருக்கிறார். ஒழுக்காற்று விசாரணை வந்தால் அதிலும் அவர் பெயர் இருக்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர்கள் பலரை நான் அறிவேன், நள்ளிரவில் விடுதிக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர்கள் இருக்கிறார்கள். குறை ஏற்பாட்டில் இருக்கிறது. நாளை எனக்குப் புள்ளி போடப்போகிறவரிடம், உங்கள் நண்பர் எனக்கு அநீதி செய்தார் என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அதிலும் பெண் பிள்ளையாக இருந்து, முறைப்பாடு ஓர் ஆண் விரிவுரையாளரின் நடத்தையைப் பற்றியதாக இருந்தால்? திருடியவர் வீட்டுத் திண்ணையிலேயே பொலிஸ் நிலையம் இருந்தால் யார் போய் முறையிடுவார்?

அடுத்தது பகிடிவதை. இந்தச் சொல்லில் வரும் 'பகிடி'யை எடுத்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன், மிஞ்சுவது வதைதான். சுவாமி விபுலானந்தர் காரைதீவில் பிறந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். வாவிக்கரை மண் அந்த இரு கல்விக்கூடங்களுக்கும் தந்த கொடை அவர். 1996 நவம்பரில் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு சிரேஷ்ட மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பில்லை. 1997 ஒக்டோபரில், பழைய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வாரிசான பேராதனையில், பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ் சிரேஷ்ட மாணவர்கள் கட்டாயப்படுத்திய கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார். ஓராண்டு இடைவெளியில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 1997இலும் இலங்கையில் 1998இலும் சட்டங்கள் வந்தன. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் யுனிசெப்பும் சேர்ந்து நடத்தி, சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதி மாணவர்கள் வாய்மொழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். 2020 மார்ச் மாதம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட ஒரு பெரிய டயர் முதலாண்டு மாணவர் ஒருவரின் தலையில் மோதி அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. 2025இலும் சபரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் உயிரிழப்பைத் தொடர்ந்து பகிடிவதைக் குற்றச்சாட்டில் மாணவர்கள் கைதானார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? முறைப்பாடு செய்கிற பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்பதே பதில். முறையிட்டவர் மறுநாள் அதே விடுதி அறையில்தான் தூங்க வேண்டும். அதே உணவகத்தில்தான் சாப்பிட வேண்டும். வகுப்புத் தோழர்களே அவரோடு பேசமாட்டார்கள். "பணக்காரன் ஏழை என்ற வேறுபாட்டை அழித்து எல்லோரையும் சமமாக்குகிறோம்" என்று வதைக்கிறவர்கள் தத்துவம் பேசுகிறார்கள். முழங்காலில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுக்கிற சமத்துவம் எந்த நூலில் எழுதியிருக்கிறது? உண்மையான சமத்துவத்தை விரும்புகிற மாணவர் ஒன்றியம் படுவான்கரையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பாடக்குறிப்பை விளக்கிக் கொடுக்கட்டும்.

இங்கே என் தொழிலின் மீதும் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டால் நாம் பத்திரிகைகளில் என்ன எழுதினோம்? "காதல் தோல்வி என்று கூறப்படுகிறது." யார் கூறினார்? எவரும் கூறியிருக்கமாட்டார். மாலை ஐந்து மணிக்குச் செய்தியை முடிக்க அந்த வாக்கியம் வசதியாக இருந்தது. அந்த ஒரு வரியால் பல்கலைக்கழகம் விடுபட்டது, விடுதி விடுபட்டது, துறை விடுபட்டது. இறந்த பிள்ளையும் அதன் குடும்பமும் மட்டும் ஊரார் வாயில் அகப்பட்டார்கள். அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். துயரத்தில் இருக்கும் எவரும் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணை அழைக்கலாம் என்கிற ஒரு வரியை அதே இடத்தில் போட்டிருந்தால் ஒரு உயிருக்காவது பயன்பட்டிருக்கும்.

புத்திமதியா, ஏற்பாடா என்ற கேள்விக்கு இந்த நாடே ஒரு விடையைத் தந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இலட்சம் பேருக்கு 47 பேர். அதன்பின் அது மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. மக்கள் திடீரென்று மனவலிமை பெற்றுவிட்டார்களா? அதன்பின்னர்தான் போர் அதன் மிகக் கொடிய கட்டத்தை அடைந்தது, சுனாமி வந்தது. இறக்கத்துக்கு முதன்மைக் காரணம், கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது என்பதே ஆய்வாளர் முடிவு. சொற்பொழிவுகளால் ஆகாததை ஒரு விதிமுறை செய்தது. மனிதர் மனத்தைத் திருத்துவதற்கு முன் மனிதரைச் சுற்றியிருப்பதைத் திருத்து என்பதே அதன் பாடம்.

விரிவுரையாளர் நண்பர்கள் இரண்டு மறுப்புகளைச் சொல்வார்கள். "எங்களுக்கும் அழுத்தம் உண்டு, 2022க்குப் பின் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், இருவர் வேலையை ஒருவர் செய்கிறோம்" என்பது முதலாவது. உண்மை. அப்படியானால் ஆலோசகர் பொறுப்பையும் உங்கள் தலையில் ஏற்றியிருப்பதை நீங்களே முதலில் எதிர்க்க வேண்டும். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரை, பரீட்சையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரை, தமிழும் சிங்களமும் அறிந்தவரை நியமிக்கும்படி உங்கள் சங்கம் கேட்கட்டும். சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த சங்கத்துக்கு இதைக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

"மன அழுத்தம் என்று சாட்டுச் சொல்லிப் பரீட்சையைத் தட்டிக்கழிக்கிறார்கள்" என்பது இரண்டாவது. அப்படிச் செய்பவர்களும் இருப்பார்கள். பொய்ச் சாட்டையும் மெய்த் துயரையும் பிரித்தறிய வழியென்ன? எழுத்தில் விதி, எழுத்தில் விசாரணை, எழுத்தில் பதில். விதியில்லாத இடத்தில்தான் சாட்டுச் சொல்லத் தெரிந்தவர் தப்புகிறார், சொல்லத் தெரியாதவர் சாகிறார்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. பிரித்தானியாவில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒரு சுயாதீன நடுவர் அலுவலகம் அமைந்தது. பல்கலைக்கழகத்தின் முடிவில் திருப்தியில்லாத மாணவர் கட்டணமின்றி அங்கே முறையிடலாம். விடைத்தாளுக்கு எத்தனை புள்ளி என்பதில் அது தலையிடுவதில்லை. நடைமுறை நியாயமாக இருந்ததா என்று மட்டும் பார்க்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில், பிறர்முன் பேசப் பேரச்சம் கொண்ட இயற்பியல் மாணவி ஒருவர் 2018இல் உயிரிழந்தார். அவருக்கு வாய்மொழித் தேர்வுக்கு மாற்று ஏற்பாடு செய்யாதது பாகுபாடு என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் மேல்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்தியாவில் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை தேர்வருக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. அங்கெல்லாம் மாணவர் துயர் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2025இல் இந்திய உச்சநீதிமன்றமே மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைக்கவேண்டி வந்தது. ஆனால் முறையிடுவதற்கு ஒரு கதவாவது அங்கே இருக்கிறது.

எனவே என் கோரிக்கைகள் நான்கு. மாணவரின் ஒவ்வொரு எழுத்துமூல முறைப்பாட்டுக்கும் முப்பது நாட்களுக்குள் காரணங்களோடு எழுத்தில் பதில் வர வேண்டும். பெற்றோரின் இறப்பு, பிரசவம், இயற்கை அனர்த்தம் ஆகியவற்றுக்கு வரவு விலக்கு கைநூலிலேயே எழுதப்பட வேண்டும். அது எவருடைய தயவாகவும் இருக்கக்கூடாது. ஆலோசகரும் பரீட்சகரும் ஒருவராக இருக்கக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, மாணவரின் மொழியிலேயே முறைப்பாட்டைக் கேட்கும் சுயாதீன அலுவலகம் ஒன்று வேண்டும்.

இதைப் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கணினிகளும் நூல்களும் அனுப்புகிறீர்கள், நன்றி. அடுத்த முறை அனுப்பும்போது, "மாணவர் முறைப்பாடுகளுக்கு என்ன நடைமுறை வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இயல்பாக அனுபவிக்கும் உரிமை அது.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. பல்கலைக்கழக வாசலில் நம் பிள்ளைகள் நியாயமாக நடத்தப்படவில்லை என்பதே அன்றைய முழக்கம். அந்த முழக்கம் ஒரு தலைமுறையின் தலைவிதியையே மாற்றியது. வாசலில் நடந்த அநீதிக்காக அவ்வளவு விலை கொடுத்த சமூகம், வாசலுக்கு உள்ளே நடக்கும் அநீதியைக் கண்டு "இதென்ன பெரிய விசயமா" என்று கேட்பது எப்படி? அங்கே அநீதி செய்தவன் வேற்றான், இங்கே செய்கிறவர் நம்மவர் என்பதாலா?

அந்தப் படுவான்கரைப் பிள்ளை ஓராண்டு தாமதமாகச் சாதாரண சித்தியோடு பட்டம் பெற்றார். துணை விரிவுரையாளராக வேண்டும் என்ற அவருடைய ஆசை அதோடு முடிந்தது. இன்று ஒரு பாடசாலையில் ஆசிரியை. அண்மையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, பதினொரு வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "பரவாயில்ல சேர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்தக் கடிதம் இன்னும் வரயில்ல" என்றார்.

அதிபர் ஐயா, மன அழுத்தம் என்றால் என்ன என்று கேட்டீர்கள். அதுதான்.